அறுந்தாலும் கெடாத ஓடை

சிவனொளிபாத மலையின் அடிவாரத்தில் எஃப்.எம். கேட்பவர் மலையின் தயவில் கேட்கிறார். மஸ்கெலியாவிலிருந்து நல்லதண்ணிக்கு வரும் பஸ்ஸில், மவுசாகலை நீர்த்தேக்கத்தை ஒட்டிப் பாதை வளையும்போதெல்லாம் பாட்டு தெளியும், இரையும், பாதி வரியில் செத்துப்போகும். எஃப்.எம். அலையின் நீளம் சுமார் 3 மீட்டர். மலையின் உயரம் 2,243 மீட்டர். அவ்வளவு குட்டையான அலை முகட்டில் சற்றே வளையும். மறுபக்கத்துப் பள்ளத்தாக்கில் இறங்கி லயத்து வாசல்வரை வருமளவுக்கு வளையாது. சிற்றலைக்கு இந்தத் தொல்லை குறைவு. அது வானத்தில் அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பி மேலிருந்து இறங்குகிறது. குறுக்கே மலை நின்றும் பயனில்லை.

கொழும்பில் தந்தித் திணைக்களத்துப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர் 1925 டிசம்பர் 16ஆம் திகதி தொடங்கிவைத்த ஒலிபரப்பு, 1949இல் ரேடியோ சிலோன் ஆனது. 1967இல் கூட்டுத்தாபனம் ஆனது. எஸ். பி. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்கள் பாக்கு நீரிணையின் இரு கரையிலும் வீட்டுக் குரல்களாகவே இருந்தன. ஆனால் அந்தக் குரல்களைக் கேட்டவர்களிடம் மிஞ்சியது பெரும்பாலும் நினைவுதான். 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் கேசட்டை அறிமுகப்படுத்திய பிறகே, சாதாரண வீட்டில் ஒலிபரப்பைப் பிடித்துவைக்க வழி பிறந்தது. பிளே பட்டனையும் ரெக்கார்ட் பட்டனையும் சேர்த்து அழுத்த வேண்டும். விளம்பரம் வந்தால் பாஸ். அந்தப் பதிவில் வானத்தின் இரைச்சல் ஒரு பங்கு, நாடாவின் இரைச்சல் ஒரு பங்கு. அதைப் பக்கத்து வீட்டுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தால் இன்னொரு பங்கு.

இணையம் இந்த மலைநாட்டுக்கு வந்த வழியே வானொலி வழிதான் என்பது பலருக்கு மறந்துபோயிற்று. 1989இல் தொடங்கிய கொத்மலை சமூக வானொலியில், யுனெஸ்கோவின் உதவியோடு 1999 வாக்கில் ஓர் இணையத் திட்டம் நடந்தது. நேயர்கள் கேள்வி அனுப்புவார்கள். அறிவிப்பாளர்கள் ஒலிபரப்பு நடந்துகொண்டிருக்கும்போதே இணையத்தில் தேடி, ஆங்கிலத்தில் கிடைத்ததை ஊர் மொழியில் விளக்குவார்கள். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் இணைய வசதி செய்து கொடுக்கப்பட்டது. உலகெங்கும் ஆய்வாளர்கள் இந்தச் சிறு நிலையத்தைப் பற்றி எழுதினார்கள். அப்போது வானொலி இணையத்தைச் சுமந்தது. இன்று இணையம் வானொலியைச் சுமக்கிறது. கொழும்பு நிலையமோ, சிங்கப்பூரின் ஒலி 96.8ஓ, லண்டனின் ஐபிசி தமிழோ, டொரொன்டோவின் சிஎம்ஆரோ, எல்லாம் ஒரே டவரிலிருந்து ஒரே போனுக்குள் இறங்குகின்றன.

இறங்குகிற விதத்தில்தான் பெரிய மாற்றம். ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலியை மைக்கில் பிடிப்பது, கேசட்டில் ஏற்றுவது போன்ற வேலை எதுவும் இங்கே தேவையில்லை. போனுக்குள் வந்து சேர்வதே ஏற்கெனவே பதிவான எண்கள். கேட்கும் செயலி அவற்றை வாங்கி, ஒலியாக்கி, பழையதைத் தூக்கிப்போட்டுக்கொண்டே போகிறது. ஆகவே, பதிவு செய்வது என்றால் தூக்கிப்போடாமல் இருப்பது. எளிமையாகத் தெரிகிறது. தூக்கிப்போடாமல் வைத்தது நடுவழியில் அறுந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியில்தான் சிக்கல்கள் எல்லாம் குடியிருக்கின்றன. கரண்டும் கவரேஜும் சொல்லிவிட்டுப் போகாத ஊரில் அது முதல் கேள்வி.

அதற்குப் பதில் எம்பி3யின் உள்ளமைப்பில் இருக்கிறது. எம்பி3 ஒலி ஒரே நீளமான நூல் அல்ல. ஒரு விநாடி ஒலி 44,100 மாதிரிகளாக அளக்கப்படுகிறது. அதில் 1,152 மாதிரிகளை எடுத்து ஒரு ஃபிரேம் கட்டுகிறார்கள். அதாவது ஒரு ஃபிரேம் 26 மில்லிவிநாடி ஒலி. விநாடிக்கு 128 கிலோபிட் வேகத்தில் அதன் எடை சுமார் 418 பைட். ஒவ்வொரு ஃபிரேமின் தலையிலும் தொடர்ந்து பதினொரு ஒன்றுகள் வரும். பின்னாலேயே அந்த ஃபிரேமின் வேகம் என்ன, மாதிரி எண்ணிக்கை என்ன என்ற குறிப்பும் இருக்கும். நிகழ்ச்சி பாதி போன பிறகு நீங்கள் நிலையத்தைத் திறந்தாலும் செயலி தடுமாறாததற்கு இதுவே காரணம். வந்து விழும் எண்களில் பதினொரு ஒன்றுகளைத் தேடும். கிடைத்த இடத்திலிருந்து கணக்கிட்டு அடுத்த ஃபிரேமின் தலை எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் பாடத் தொடங்கும். ஒரு சின்ன விலக்கு உண்டு: நெருக்கடியான இசை வரும்போது ஒரு ஃபிரேம் தனக்கு முந்தைய ஃபிரேம்களில் மிஞ்சிய இடத்தையும் கடன் வாங்கிக்கொள்ளும். அதனால் இடையில் வந்து சேர்பவருக்கு முதல் ஒன்றிரண்டு ஃபிரேம்கள் ஊமையாகப் போகலாம். காதுக்குத் தெரியாது.

அறுவதற்கும் இதே கணக்குத்தான். ஒரு மணி நேரப் பதிவில் சுமார் 1,38,000 ஃபிரேம்கள் இருக்கும். நாற்பதாவது நிமிடத்தில் கரண்டு போனால் நாற்பது நிமிடமும் உங்களிடம் இருக்கும். நிஜத்தில் கொஞ்சம் குறைவாக இருக்கும். அந்தக் குற்றம் எம்பி3யுடையது அல்ல. லினக்ஸ் போன்ற இயங்குதளம் எழுதச் சொன்னதை உடனே வட்டில் எழுதாமல் வழக்கமாக அரை நிமிடம்வரை நினைவகத்தில் வைத்திருந்து மொத்தமாக எழுதும். போவது அந்த அரை நிமிடம்தான். வானொலிகள் அதிகம் பயன்படுத்தும் ஏஏசி ஒலியும் இப்படியே ஃபிரேம் ஃபிரேமாகத்தான் வருகிறது. அதில் ஃபிரேமுக்கு 1,024 மாதிரிகள், தலையில் பன்னிரண்டு ஒன்றுகள்.

இந்த அமைப்பின் மேல்தான் 1990களின் கடைசியில் இணைய வானொலி எழுந்தது. அதற்குமுன் 1995இல் ரியல்ஆடியோ வந்திருந்தது. அதன் நேரலையைக் கேட்க அவர்களுடைய செயலியே வேண்டும். சேமிக்கலாமா என்பதையும் அவர்களே தீர்மானித்தார்கள். பிறகு நல்சாஃப்ட் நிறுவனம் ஷௌட்காஸ்ட்டைக் கொடுத்தது. அதற்குத் திறந்த மாற்றாக ஐஸ்காஸ்ட் வந்தது. இரண்டும் செய்தது ஒரே காரியம்: சாதாரண வலைப்பக்கத்தைக் கேட்பதுபோல் நிலையத்தின் முகவரியைக் கேட்டால், முடிவே இல்லாத ஒரு கோப்பை அனுப்பத் தொடங்குவது. இவ்வளவு எளிமையானது என்பதால்தான், ஒலி என்றால் என்னவென்றே தெரியாத ஒரு கருவி அதைப் பதிவு செய்ய முடிகிறது. சுவீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க் 1998இல் வெளியிட்ட கர்ல்தான் அந்தக் கருவி. முகவரியைக் கொடுத்து, எழுத வேண்டிய கோப்பின் பெயரைக் கொடுத்தால், வருவதை வாங்கி அப்படியே எழுதிக்கொண்டிருக்கும். நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்தாது.

கர்லின் இந்த அறியாமையே ஒரு விதத்தில் நன்மை. பாடலின் பெயர் செயலியின் திரையில் தோன்றுகிறதே, அது எப்படி வருகிறது தெரியுமா? ஷௌட்காஸ்ட் முறையில் அந்தப் பெயரை ஒலிக்குள்ளேயே செருகி அனுப்புகிறார்கள். செயலி இணையும்போது “எனக்குப் பெயரும் வேண்டும்” என்று ஒரு வரி சேர்த்துக் கேட்கும். சர்வர் “அப்படியானால் ஒவ்வொரு 16,000 பைட்டுக்கும் ஒருமுறை இடைமறிப்பேன்” என்று பதில் சொல்லும். 16,000 பைட் ஒலி போனதும் ஒரே ஒரு பைட் வரும். அதில் உள்ள எண்ணைப் பதினாறால் பெருக்கினால் வருவது அடுத்து வரும் பெயரின் நீளம். அந்த எண் பூச்சியம் என்றால் பெயர் மாறவில்லை என்று பொருள். கேட்கிற செயலி இதைக் கத்தரித்து எடுத்துவிடும். பெயரைக் கேட்டு வாங்கிவிட்டு, கத்தரிக்கத் தெரியாமல் அப்படியே கோப்பில் எழுதினால் தொல்லை. 128 கிலோபிட் நிலையத்தில் 16,000 பைட் என்பது சரியாக ஒரு விநாடி. பதிவு விநாடிக்கு ஒருமுறை இடறும். கர்ல் பெயரைக் கேட்பதே இல்லை. கேட்காதவருக்கு சர்வர் செருகுவதும் இல்லை.

இனிக் கேட்கும் பக்கம். தோட்டத்துப் பீலியில் தண்ணீர் ஒரே சீராக விழுவதில்லை. கீழே ஒரு பெரல் வைத்துவிட்டால் அள்ளுகிறவருக்குப் பீலியின் மனநிலை தெரியாது. பஃபர் என்பது அந்தப் பெரல். இணைந்தவுடன் பெரல் நிறையட்டும் என்று ஐஸ்காஸ்ட் வழக்கமாக 64 கிலோபைட் பழைய ஒலியை ஒரே மூச்சில் தள்ளிவிடும். 128 கிலோபிட்டில் அது நான்கு விநாடி. ஆகவே பாட்டு உடனே தொடங்குகிறது. ஆனால் நீங்கள் கேட்பது நான்கு விநாடிக்கு முந்தைய நிலையத்தை. ஒலிபரப்பில் சொல்லும் நேரத்தை வைத்துக் கடிகாரம் திருத்துகிற பழக்கம் உள்ளவர்கள் இணைய வானொலியை நம்பக் கூடாது.

கவரேஜ் குறைந்தால் என்ன நடக்கிறது என்பதும் சிற்றலைக்கு நேர்மாறு. சிற்றலை மங்கும், கரகரக்கும், பக்கத்து நிலையத்தோடு கலக்கும். முழுக்கச் செத்துப்போவது அரிது. இணையத்தில் தொலைந்துபோன பொட்டலத்தை மறுபடி அனுப்பச் சொல்லி வாங்கிக்கொள்வார்கள். அதனால் ஒலி வந்தால் முழுசாக வரும், இல்லையென்றால் வரவே வராது. தாமதம் பெரலைத் தாண்டினால் செயலி மௌனமாகிவிடும். அந்த நேரத்திலும் பதிவுக் கோப்பு கெடுவதில்லை, வளராமல் நிற்கிறது, அவ்வளவுதான். இணைப்பே முறிந்தால் மட்டும்தான் உண்மையான இழப்பு. இங்கே ஒரு பழியையும் துடைத்துவிட வேண்டும். நெட் வராவிட்டால் மலைநாட்டில் எல்லோரும் மூடுபனியைத் திட்டுகிறோம். கைபேசி அலையின் நீளம் 900 மெகாஹெர்ட்ஸில் 33 சென்ரிமீட்டர், 1,800இல் அதில் பாதி. மூடுபனித் துளி மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. அந்தத் துளி அந்த அலையை ஒன்றும் செய்யாது. தடுப்பது மலை, மற்றபடி, கரண்டு போய் பற்றரியும் தீர்ந்த டவர்.

எல்லா நேரலையும் இப்படி முடிவில்லாக் கோப்பாக வருவதில்லை. ஆப்பிள் நிறுவனம் 2009இல் ஐபோனுக்காகக் கொண்டுவந்த எச்எல்எஸ் முறை இப்போது ஒளிபரப்பில் பெரும்பகுதியைப் பிடித்துவிட்டது. வானொலிகளும் அதற்கு மாறி வருகின்றன. 2017 ஆகஸ்ட்டில் அது ஆர்எஃப்சி 8216 என்ற பொது ஆவணமாகவும் வெளிவந்தது. இதில் சர்வர் எதையும் தொடர்ந்து அனுப்புவதில்லை. நேரலையைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி வரிசை எண் போட்டு வைத்துவிடும். ஆறு விநாடி ஒரு வழக்கமான அளவு. கூடவே “இப்போது கையில் உள்ள துண்டுகள் இவை” என்று ஒரு பட்டியல், வெறும் எழுத்துக் கோப்பு. செயலி பட்டியலை வாங்கும், துண்டை வாங்கும், மறுபடி பட்டியலைக் கேட்கும். புதிது வந்திருந்தால் வாங்கும். பட்டியலின் தலையில் பழையது உதிர்ந்துகொண்டும் வாலில் புதியது முளைத்துக்கொண்டும் இருக்கும்.

தாமதம் இதில் கூடுதல். பட்டியலின் கடைசியிலிருந்து குறைந்தது மூன்று துண்டு தள்ளித்தான் தொடங்க வேண்டும் என்பது விதி; ஆறு விநாடித் துண்டு என்றால் பதினெட்டு விநாடி. டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை நீளும் சிவனொளிபாத யாத்திரை சீசனில், உச்சியில் நிற்பவர்கள் காட்டும் சூரிய உதயத்தை அடிவாரத்துக் கடையில் உட்கார்ந்து போனில் பார்ப்பவருக்கு, படம் வந்து சேரும்போது உண்மையான உதயம் முடிந்து கால் நிமிடமாவது ஆகியிருக்கும்.

ஆனால் பதிவு செய்கிறவருக்கு எச்எல்எஸ் ஒரு சலுகை தருகிறது. பட்டியலில் ஐந்து துண்டு இருந்தால், அரை நிமிடம் கவரேஜ் போய் வந்தாலும் விட்டதை எடுத்துவிடலாம். ஒரு நிமிடம் போனால் நடுவில் உள்ளவை உதிர்ந்திருக்கும். வரிசை எண் தாவியிருப்பதைப் பார்த்துக் கருவி அதைச் சொல்லிவிடும். எத்தனை துண்டு வைத்திருப்பது என்பது நிலையத்தின் விருப்பம். யூடியூப் நேரலையில் பார்வையாளர் பன்னிரண்டு மணி நேரம்வரை பின்னே போக முடியும். பகல் டேட்டா ஒரு கணக்கு, இரவு டேட்டா வேறு கணக்கு என்று பெக்கேஜ் போட்டவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. மாலையில் தொடங்கிய கோயில் திருவிழா நேரலையை நள்ளிரவுக்குப் பிறகு, முதலிலிருந்து எடுத்துக்கொள் என்று கருவியிடம் சொல்லலாம்.

எச்எல்எஸ் துண்டுகள் பல இடங்களில் எம்பெக்-டிஎஸ் என்ற உறைக்குள் வருகின்றன. அது 188 பைட் பொட்டலங்களின் வரிசை. ஒவ்வொரு பொட்டலமும் 71 என்ற எண்ணில் தொடங்கும். செய்மதித் தொலைக்காட்சிக்கும் இதே உறைதான். வழியில் பாதி தொலைந்தாலும் மீதி பயன்பட வேண்டும் என்ற எண்ணத்தில் வடிவமைத்தது. எம்பி4 அப்படியல்ல. எந்த ஃபிரேம் கோப்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்ற அட்டவணையை அது வழக்கமாகப் பதிவு முடிந்த பிறகு கடைசியில் எழுதும். நேரலையை நேராக எம்பி4 கோப்பில் இறக்கிக்கொண்டிருக்கும்போது கரண்டு போனால் அட்டவணை எழுதப்படாமலே போகும். கோப்பு ஒரு கிகாபைட் கனத்தில் கிடக்கும், எந்தச் செயலியிலும் ஓடாது. 2022 மார்ச் கடைசியில் நாடெங்கும் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்ட நாட்களை நினைத்துப் பாருங்கள். அத்தகைய நாட்டில் நேரலையை டிஎஸ் அல்லது எம்கேவி உறையில் இறக்குவதே புத்தி. பிறகு ஆற அமர எம்பி4க்கு மாற்றலாம். உள்ளே இருப்பதைத் தொடாமல் உறையை மட்டும் மாற்றுவதால் ஒரு மணி நேரப் பதிவுக்குச் சில விநாடிகள் போதும்.

இந்த உறை மாற்றத்துக்கும் பதிவுக்கும் ஒரே கருவி போதும்: எஃப்எஃப்எம்பெக். பிரான்ஸைச் சேர்ந்த ஃபாப்ரிஸ் பெல்லார் 2000ஆம் ஆண்டில் தொடங்கியது. இன்று படம் காட்டும், ஒலி மாற்றும் எண்ணற்ற செயலிகளின் வயிற்றுக்குள் பெயர் சொல்லாமல் உழைப்பது அதுதான். கட்டளை வரியை வாய்விட்டு வாசித்தால் இப்படி இருக்கும்: எஃப்எஃப்எம்பெக், உள்ளீடு இந்த முகவரி, கோடெக் காப்பி, நேரம் 3600, கோப்பின் பெயர் இது. நடுவில் உள்ள “காப்பி” என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. அதை விட்டுவிட்டால் கருவி வருவதை ஒலியாக்கி, மறுபடி அழுத்தி, புதிய ஃபிரேம்களாகக் கட்டும். போன் சூடாகும், பற்றரி இறங்கும், ஒலியின் தரமும் ஒரு படி குறையும். கேசட்டுக்குக் கேசட் பிரதி எடுத்த பழைய பாவத்தை டிஜிட்டலிலும் செய்ததாக ஆகும். “காப்பி” என்று சொன்னால் நிலையம் அனுப்பிய எண்களே அப்படியே கோப்பில் இறங்கும். நிலையத்துக்கும் உங்களுக்கும் இடையே தரத்தில் மயிரிழை வித்தியாசமும் இருக்காது.

போன் என்று சொல்கிறேன். கணினி என்று சொல்லவில்லை. லயத்து வீடுகளில் கணினி குறைவு, ஆண்ட்ராய்டு போன் அநேகமாக எல்லா வீட்டிலும் உண்டு. டெர்மக்ஸ் என்ற இலவசச் செயலி அந்தப் போனுக்குள் ஒரு சின்ன லினக்ஸைத் திறந்துவிடுகிறது. கர்ல், எஃப்எஃப்எம்பெக், பின்னால் வரப்போகும் எம்பிவி எல்லாம் அதில் ஓடும். திரை உடைந்து மூலையில் கிடக்கும் பழைய போனே பதிவு வேலைக்குப் போதும். ஒரு தடைதான்: திரை அணைந்ததும் ஆண்ட்ராய்டு பின்னால் ஓடுவதை எல்லாம் பற்றரி மிச்சம் என்று சொல்லிக் கொன்றுவிடும். டெர்மக்ஸின் அறிவிப்புப் பட்டையில் “வேக் லாக்” என்றிருப்பதை அழுத்தி, போனின் அமைப்பில் பற்றரிக் கட்டுப்பாட்டிலிருந்து அந்தச் செயலிக்கு விலக்கும் கொடுத்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் பதிவு நின்றுபோனது என்று எஃப்எஃப்எம்பெக்கைக் குறை சொல்வதில் பயனில்லை.

இணைப்பு முறிந்தால் மறுபடி இணை என்று கட்டளையிலேயே சொல்லிவைக்கலாம். அதைவிட நம்பகமானது, பதிவைத் துண்டுகளாக எழுதச் சொல்வது: பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கோப்பு, ஒவ்வொன்றின் பெயரிலும் திகதியும் நேரமும். எது கெட்டாலும் பதினைந்து நிமிடத்துக்கு மேல் கெடாது. நிறுத்தும்போதும் ஒரு முறை உண்டு. “க்யூ” எழுத்தை அழுத்தினால் எஃப்எஃப்எம்பெக் எழுத வேண்டியதை எழுதி முடித்துவிட்டு எழுந்துபோகும். செயலியையே பலவந்தமாக மூடினால் பாதியில் எழுந்து ஓடும்.

வெறுமனே கேட்பதற்கு எம்பிவி. பழைய எம்பிளேயரின் வழித்தோன்றல். கேட்டுக்கொண்டிருக்கும்போதே வருவதைக் கோப்பிலும் எழுதச் சொல்லலாம். விஎல்சியும் கட்டளை வரியில் ஓடும். முகவரி நேராகக் கிடைக்காத தளங்களுக்குத்தான் ஸ்ட்ரீம்லிங்க்கும் வைடி-டிஎல்பியும். பக்கத்தைத் திறந்து, உள்ளே ஒளிந்திருக்கும் பட்டியல் கோப்பைக் கண்டுபிடித்து, அதை எம்பிவியிடமோ எஃப்எஃப்எம்பெக்கிடமோ கொடுப்பது இவற்றின் வேலை. தளம் தன் பக்கத்தை மாற்றும்போதெல்லாம் இவை ஒரு நாள் படுத்துக்கொள்ளும், புதுப்பித்தால் எழும். வைடி-டிஎல்பியின் தாயான யூடியூப்-டிஎல்லை, அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் 2020 அக்டோபர் 23ஆம் திகதி கிட்ஹப் என்ற நிரல் தளத்திலிருந்து நீக்கவைத்தது. வாதங்கள் எழுந்த பின் நவம்பர் 16ஆம் திகதி அது திரும்ப வந்தது.

அந்தச் சண்டை நம்மையும் தொடுகிறது. பதிவு செய்யலாமா? 1984 ஜனவரி 17ஆம் திகதி, சோனியின் பீட்டாமாக்ஸ் வழக்கில், நிகழ்ச்சியைப் பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வது குற்றமில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஒரு நீதிபதி மாறியிருந்தால் தீர்ப்பே மாறியிருக்கும். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் தனிப்பட்ட பாவனைக்கான பிரதிக்கு வரம்புகளோடு இடம் தருகிறது. என் நிலைப்பாடு எளிது: நேரத்துக்குக் கேட்க முடியாததைப் பிறகு கேட்பதற்காகப் பிடித்துவைப்பது ஒன்று, பிடித்ததைத் தன் பெயரில் யூடியூப்பில் ஏற்றிக் காசு பார்ப்பது வேறு. இரண்டாவதற்கு இந்த அத்தியாயத்தில் உதவி இல்லை.

நேரத்துக்குக் கேட்க முடியாதவர்கள் யார் என்று மலைநாட்டில் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் பெரட்டுக்குப் போய் மாலையில் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வருகிறவருக்கு, பகல் பத்து மணி மாதர் நிகழ்ச்சியும் மதியப் பழைய பாடலும் வேறு யாருக்கோ நடக்கின்றன. செலவைப் பார்ப்போம். 128 கிலோபிட் நிலையத்தில் ஒரு மணி நேரம் 57.6 மெகாபைட். நாளுக்கு இரண்டு மணி, மாதம் 26 வேலை நாள் என்றால் 3 கிகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு. நிலையம் 64 கிலோபிட்டிலும் அனுப்பினால் அதில் பாதி. பேச்சு நிகழ்ச்சிக்கு அது தாராளம். அதே நிகழ்ச்சியைக் காணொளி நேரலையாக 720 தரத்தில் இறக்கினால் விநாடிக்கு 2.5 மெகாபிட் கணக்கில் ஒரே மணி நேரத்தில் 1.1 கிகாபைட் போய்விடும். ஆகவே இறக்குமுன் என்னென்ன தரங்கள் உண்டு என்று பட்டியல் கேட்பதை வழக்கமாக்கிக்கொள்வது நல்லது. வைடி-டிஎல்பி அந்தப் பட்டியலை ஒரே கட்டளையில் காட்டும்.

பிடித்துவைக்க இன்னொரு காரணமும் உண்டு. பிபிசி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 1941இல் தொடங்கி 2017 ஏப்ரல் 30ஆம் திகதி முடிந்தபோது அது செய்தியானது. ஒரு சிறிய இணைய வானொலி மூடப்படும்போது அதன் முகவரி பதில் சொல்லாமல் போகும், அவ்வளவுதான் அறிவிப்பு.

வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் பதிவைத் தொடங்குவது கிரானின் வேலை. 1970களில் பெல் ஆய்வகத்து யுனிக்ஸோடு பிறந்த அந்தச் சிறிய நிரல் நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, தன் அட்டவணையில் இந்த நேரத்துக்கு வேலை இருக்கிறதா என்று பார்க்கும். உள்ளூர் நிலையங்களுக்கு இதில் குழப்பமில்லை. சிங்கப்பூர் நமக்கு எப்போதும் இரண்டரை மணி முன்னால், அதுவும் எளிது. லண்டனும் டொரொன்டோவும்தான் ஏமாற்றும். லண்டனில் மாலை ஆறு மணி நிகழ்ச்சி கோடையில் நமக்கு இரவு 10.30, ஒக்டோபர் கடைசி ஞாயிறு கழிந்ததும் அதே நிகழ்ச்சி 11.30க்கு வரும். கிரான் 10.30க்கே எழுந்து வேறு எதையோ ஒரு மணி நேரம் பதிந்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். டொரொன்டோ கடிகாரத்தை மாற்றுவது மார்ச் இரண்டாவது ஞாயிறு, லண்டன் மாற்றுவது மார்ச் கடைசி ஞாயிறு. இடையில் இரண்டு மூன்று வாரம் இரண்டு ஊர்களுக்கும் உள்ள இடைவெளியே வேறாக இருக்கும். கிரானின் சில வகைகளில் அட்டவணைக்கு மேலே நேர வலயத்தின் பெயரை எழுதிவிட்டால் லண்டன் நேரத்துக்கே எழும். அந்த வசதி இல்லாத கிரான் என்றால் ஒரு மணி முன்னதாகவே தொடங்கி ஒரு மணி கூடுதலாகப் பதிவதுதான் சோம்பேறிக்கு ஏற்ற வழி. ஒலிக்கு அது மலிவுதான்.

கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள், மணி என்ற வரிசையில் எழுதினால் கோப்புகள் தாமாகவே காலவரிசையில் நிற்கும். அதோடு நம் நேர வலயமான +0530 என்பதையும் சேர்த்துவிடுங்கள். நம் நாட்டு நேரம் மாறாதது என்று நினைக்கிற இளையவர்களுக்கு: 1996 மே மாதம் இலங்கைக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டது, அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணி பின்னே வந்தது, 2006 ஏப்ரலில்தான் பழைய இடத்துக்குத் திரும்பியது. அந்தப் பத்தாண்டில் பதிந்த ஒரு கேசட்டின் மேல் “இரவு 9.00” என்று மட்டும் எழுதியிருந்தால், அது எந்த ஒன்பது மணி என்று திகதியையும் பார்த்துத்தான் சொல்ல முடியும்.